படிக்காமல் போட்ட இதயம்

அத்தியாயம் 9

சனிக்கிழமை காலையிலேயே அம்மா மேஜை விரிப்புக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜை விரிப்பு என்ற ஒன்றைப் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது. வழக்கமாக அதன்மேல் கார் சாவிகள், சாலை விதிப் புத்தகங்கள், பாதி குடித்த காபி என்று சகலமும் குடித்தனம் நடத்தும். இன்று எல்லாவற்றையும் காலி செய்தாயிற்று.

"வரப்போறது ஒருத்தர். அதுக்கு இவ்வளவு அமர்க்களமாம்மா?" என்றாள் பொடிசு.

"ஒருத்தர் இல்லடி, ரெண்டு பேர். உங்கண்ணனும் வரான்ல?"

பொடிசு என்பது பட்டப்பெயர்தான். ஆள் வளர்ந்து, பல் செட் செய்யும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் பல் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுக்கு மட்டும் இன்னும் பொடிசு.

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மகளைப் பார்த்துச் சிரித்தாள். "ரெண்டு பேரும் ஒரே நிமிஷத்துல இதயம் போட்டீங்களே, அதை நினைச்சா இன்னும் எனக்குக் கண்ணு கலங்குது. போன்ல பேசி வச்சுக்கிட்டுப் போட்டீங்களா?"

பொடிசு காபியை ஊதிக்கொண்டிருந்தாள். காபி எப்போதோ ஆறிவிட்டிருந்தது.

அந்த இதயங்களின் கதை போன வாரமே உங்களுக்குத் தெரியும். நடுவில் எங்காவது வெளியூர் போய்விட்டு வந்தவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அப்பா போன பிறகு அந்த ஒரே காரை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். அவளுக்குப் பேச்சுத்துணை, உறவு, பொழுதுபோக்கு எல்லாமே போனில் இருக்கிற 'வட்டம்' என்ற செயலிதான். ஒரு காலத்தில் அண்ணனும் பொடிசும் சாப்பிட மறந்தாலும் வட்டத்துக்குள் போக மறக்க மாட்டார்கள். அம்மாவை அதில் சேர்த்துவிட்டதே அவர்கள்தான். அம்மா உள்ளே வந்து, சௌகரியமாக உட்கார்ந்து, நாலு பேரை நலம் விசாரிக்க ஆரம்பித்த சமயம் பார்த்துப் பிள்ளைகள் மெல்ல வெளியே நழுவிவிட்டார்கள். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. சலித்துவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் வெளியூரில் லிஃப்ட் மெக்கானிக். போகும்போது தன் கடவுச்சொல்லைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனான். "அம்மா என்ன போட்டாலும் என் பேர்ல ஒரு இதயம் போட்டுடு. இல்லைன்னா 'ஏன்டா பார்க்கல'ன்னு போன் பண்ணிக் கேட்பா." பொடிசும் தினம் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்து, தன் பேரில் ஒன்று, அண்ணன் பேரில் ஒன்று என்று போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள். படிப்பதில்லை. பாஸான யாரோ ஒருவர் லைசன்ஸைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டும் படத்தில் படிக்க என்ன இருக்கிறது?

ஒரு நாள் அம்மா படம் போடவில்லை. மூன்று பேர் மட்டும் இருக்கும் வீட்டுக் குழுவில் நீளமாக எதையோ எழுதியிருந்தாள். பொடிசின் கட்டைவிரல் அதைக் கண்டுகொள்ளவில்லை. வழக்கம்போல இரண்டு இதயம்.

தன்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரோடு மிச்ச வாழ்க்கையைச் சேர்ந்து வாழலாமா என்று அம்மா அதில் கேட்டிருந்தாள்.

இரண்டு இதயத்தையும் பார்த்துப் பூரித்துப்போய், அம்மா அவரிடம் சரி என்று சொல்லிவிட்டாள். இன்று மத்தியானம் அவர் சாப்பிட வருகிறார். தான் சம்மதம் சொல்லியிருப்பது தெரியாமலேயே அண்ணனும் வந்துகொண்டிருக்கிறான்.

வெளியே காரின் ஹாரன் அடித்தது. காலை வகுப்புக்கு வந்த பெண் வழக்கம்போல இண்டிகேட்டருக்குப் பதில் ஹாரனைத் தொட்டுவிட்டாள்.

"ஐயோ, இவ இன்னைக்கு எந்தச் சுவத்துல ஏத்தப் போறாளோ!" அம்மா கண்ணாடி முன் ஒரு நிமிஷம் நின்று தலையைச் சரிசெய்துகொண்டாள். சுவரில் ஏற்றப்போகிறவளுக்காக யாரும் அப்படிச் சரிசெய்துகொள்வதில்லை. "பஸ் ஸ்டாண்டுக்கு நீயே போயிடுவியா? அவனைக் கேட்டேன்னு சொல்லு."

"வீட்டுக்குத்தானே வரான், நீயே கேளேம்மா."

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டே அம்மா ஓடினாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொடிசுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

•

பல் செட் கூடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருக்கிறது. சனிக்கிழமை அரை நாள் வேலை. பொடிசு ஒரு கீழ்த்தாடை அச்சில் மெழுகை உருக்கி ஊற்றி, அதில் பற்களை ஒவ்வொன்றாக நட்டுக்கொண்டிருந்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மனசு பஸ் ஸ்டாண்டில் நின்றது.

அடுத்த மேஜையில் பாலிஷ் உட்கார்ந்திருந்தாள். முடிந்த பல் செட்டுகளை மெஷினில் காட்டிப் பளபளக்க வைப்பது அவள் வேலை. பேரும் அதிலிருந்து வந்ததுதான்.

"ஏய், முன்பல்லைக் கொண்டுபோய்க் கடைவாய்ல நடறே."

பொடிசு பதறிப்போய்ப் பிடுங்கினாள்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்ல. நீ வட்டத்துக்குப் போறதுண்டா?"

பாலிஷ் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அது இன்னும் இருக்கா? கடைசியா போனப்ப என் போட்டோவுக்குக் கீழ எங்க பழைய கணக்கு டீச்சர் 'இளைச்சுட்டியே, சாப்பிடறியா'ன்னு கேட்டிருந்தாங்க. அதுக்குக் கீழ எங்க சித்தப்பா 'எங்க சாப்பிடறா'ன்னு பதில் போட்டிருந்தார். அதுக்கும் கீழ குதிகால் வலிக்கு ஒரு விளம்பரம். அன்னைக்கு வெளிய வந்தவதான்."

"யார்கிட்டயாவது சொல்லிட்டு வந்தியா?"

"சொல்லிட்டு வரதுக்கு அது என்ன வேலையா? போகத் தோணல, போகல." பாலிஷ் மறுபடி மெஷினைப் போட்டாள். "எங்கம்மா இன்னும் அங்கதான் இருக்காங்க. பிறந்தநாளுக்குப் பக்கத்து ரூம்ல இருந்துக்கிட்டே அதுல வாழ்த்து போட்டாங்க. நான் பார்க்கவே இல்ல. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தாங்க, ஏன்னே எனக்குப் புரியல."

பொடிசு சிரிக்க முயற்சி செய்தாள். போகாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. இவள் கர்மசிரத்தையாகத் தினமும் போனாள். இரண்டு பேராகப் போனாள். அதுதான் வினையாகிவிட்டது.

•

அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே பையைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தை இரண்டு பக்கமும் சொடக்கெடுத்தான். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது தளர்ந்து போய், குனிந்தால் நழுவியது. நடுவிரலால் ஏற்றிவிட்டுக்கொண்டான்.

"என்ன பொடிசு, வரவேற்பெல்லாம் பலமா இருக்கு? நீ வந்து நிக்கற ஆளில்லையே. என்ன வேணும்?"

"டீ வாங்கித் தரேன், வா."

"நீ டீ வாங்கித் தரியா? சரிதான், ஏதோ பெரிய விஷயம்."

டீக்கடையின் உயரமான பலகையில் இரண்டு கோப்பைகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். பொடிசு நேற்று முழுக்க ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. போனைத் திறந்து, அவன் பேரில் வட்டத்துக்குள் போய், அம்மாவின் எழுத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இதைப் படி. அம்மா எழுதினது. கீழ நீ இதயம் போட்டிருக்கே."

"நான் எங்க போட்டேன்?"

"நான்தான் உன் பேர்ல போட்டேன். படிக்காம போட்டேன். என் பேர்லயும் படிக்காமதான் போட்டேன்."

அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தான். அம்மா இப்படி எழுதியிருந்தாள்:

"பிள்ளைங்களா, நேர்ல சொல்ல வாய் வரல, அதனால இங்க எழுதறேன். கண்ணாடிக் கடைக்காரரை உங்களுக்குத் தெரியும். லைசன்ஸ் வாங்கி எவ்வளவோ நாளாச்சு, இன்னும் ரிவர்ஸ் வரலன்னு சொல்லிக்கிட்டு கிளாஸுக்கு வந்துட்டிருக்கார். ரிவர்ஸ் அவருக்கு நல்லாவே வரும். அது எனக்கும் தெரியும். மிச்ச நாளைச் சேர்ந்து இருக்கலாமான்னு கேட்டார். எனக்கு இஷ்டம்தான். அப்பாவை மறந்துட்டேன்னு நினைச்சுடாதீங்க. சாயங்காலம் ஆனா வீட்டுல பேச ஆள் இல்ல. நீங்க சரின்னா ஒரு இதயம் போடுங்க, போதும். வேண்டாம்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா விட்டுடுங்க. நான் புரிஞ்சுக்குவேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

'சாயங்காலம் ஆனா வீட்டுல பேச ஆள் இல்ல' என்ற இடத்தைப் பொடிசு இதற்குள் எத்தனையோ தடவை படித்துவிட்டாள். சாயங்காலமெல்லாம் அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அடுத்த அறையில், வேறு ஏதோ ஒரு புதுச் செயலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு. ஒவ்வொரு தடவையும் அந்த வரி சுருக்கென்று தைத்தது.

அண்ணன் முதலில் சிரித்தான். "ரிவர்ஸ் வரலயாமா? பலே ஆளு!" பிறகு சிரிப்பு நின்றது. மேலே போய் மறுபடி முதலிலிருந்து படித்தான். டீயில் ஆடை படிந்தது.

"அம்மா என்ன எழுதியிருக்கா பாரு. வேண்டாம்னா சும்மா இருக்கச் சொல்லியிருக்கா" என்றான் மெதுவாக.

"ஆமா."

"நான் சும்மாதான் இருந்தேன். நீதான் இருக்க விடல."

"உனக்கு வேண்டாமா அண்ணா?"

"தெரியல. அதைத்தான் சொல்றேன். தெரியலன்னா நான் சும்மா இருந்திருப்பேன். அம்மா அதை வேண்டாம்னு எடுத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருப்பா. எனக்குத் தெரியாமலேயே அவ வாழ்க்கையை நான் நிறுத்தியிருப்பேன்." போனைத் தள்ளி வைத்தான். "நீ போட்டதால, எனக்குத் தெரியாமலேயே ஓட ஆரம்பிச்சிருக்கு. ரெண்டுல எது பெரிய தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

லிஃப்டு என்றால் எந்த மாடியில் நிற்கிறது என்று ஒலியை வைத்தே சொல்லிவிடுகிறவன். தன் மனசு எந்த மாடியில் நிற்கிறது என்று தெரியாமல் டீக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் அண்ணா நீ வட்டத்தை விட்டே?" என்றாள் பொடிசு. இதுவரை அவள் கேட்டதில்லை.

"பெரிய காரணம்லாம் இல்ல. ஒரு நாள் போனப்ப எல்லாரும் ஏதோ சொல்லிட்டே இருந்தாங்க. யாரும் என்கிட்டச் சொன்ன மாதிரி இல்ல. அவ்வளவுதான்." தள்ளி வைத்த போனைக் காட்டினான். "இது என்கிட்டச் சொன்னது. இதைப் படிச்சிருக்கணும்."

"இப்ப என்ன பண்றது? மத்தியானம் அவர் சாப்பிட வரார். வீட்டுல மேஜை விரிப்புக்கு இஸ்திரி போட்டாச்சு."

"மேஜை விரிப்பா? நம்ம வீட்டுலயா?" அண்ணன் பெருமூச்சு விட்டான். "சரி விடு. போட்டது போட்டதாவே இருக்கட்டும். சந்தோஷமா இருக்கா. நான் போய்ச் சாப்பிட்டுட்டு, ரெண்டு வார்த்தை நல்லா பேசிட்டு வந்துடறேன். நீ எதையாவது உளறி வைக்காதே."

பொடிசுக்கு அப்பாடா என்று இருந்தது. வீடு போய்ச் சேரும்வரை அப்படித்தான் இருந்தது.

•

கண்ணாடிக் கடைக்காரர் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார். வாசலில் நின்று, "பூ வாங்கலாமான்னு பார்த்தேன், கேக் வாங்கலாமான்னு பார்த்தேன். ரெண்டுமே நான் ரொம்ப உறுதியா இருக்கற மாதிரித் தெரியும்னு விட்டுட்டேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். ஒல்லியான மனிதர். தலையில் முடி குறைவு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் பொடி ஸ்க்ரூ டிரைவர் ஒன்று எட்டிப் பார்த்தது.

லைசன்ஸ் கிடைப்பதற்கு முன் ஓட்டுநர் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர் அவர். வேகமாகப் போனதால் இல்லை. நாய், பூனை, காற்றில் பறந்த காகிதம் என்று எல்லாவற்றுக்கும் வண்டியை நிறுத்திவிட்டதால். "இவ்வளவு மரியாதையா யாரும் தோத்து நான் பார்த்ததில்ல" என்று தேர்வதிகாரியே சொன்னாராம்.

அம்மா கோழியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சமைத்திருந்தாள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தான் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தாள். காரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று ஊருக்கே சொல்லித்தருகிறவளுக்கு, சொந்த மேஜையில் எந்த நாற்காலி என்று தெரியவில்லை. கடைசியில் பொடிசுதான் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அண்ணன் குனிந்து சாப்பிட, கண்ணாடி நழுவியது. ஏற்றிவிட்டான். மறுபடி நழுவியது. கண்ணாடிக் கடைக்காரரின் கை சட்டைப் பை ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டுத் தொட்டு மீள்வதைப் பொடிசு பார்த்தாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. என்னால சாப்பிட முடியல. அதைக் கொஞ்சம் குடுங்களேன்."

அண்ணன் கழற்றிக் கொடுத்தான். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரே திருகில் முடித்து, விரிப்பின் நுனியால் துடைக்கப்போய், அம்மா பார்ப்பதைக் கண்டு சட்டைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். அண்ணன் போட்டுப் பார்த்தான். தலையை ஆட்டினான். நின்றது.

"நன்றி சார்."

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்." அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பிள்ளைங்க ரெண்டு பேரும் மனசார சரின்னு சொல்லணும், இல்லைன்னா வேண்டாம்னு உங்கம்மாகிட்டச் சொல்லியிருந்தேன். அன்னைக்குக் கடைக்கு ஓடி வந்தாங்க. நான் ஒருத்தருக்குக் கண் பரிசோதனை பண்ணிட்டிருக்கேன். அந்த ஆளுக்கும் எனக்கும் நடுவுல போனை நீட்டி, 'பாருங்க, ரெண்டு பேரும்! அதுவும் பெரியவன்!'னாங்க. அந்த ஆளுக்கு அன்னைக்குக் கொடுத்த கண்ணாடி தப்பு. நேத்துதான் மாத்திக் கொடுத்தேன். தம்பி, நீங்க யோசிக்க நாள் எடுத்துப்பீங்கன்னு நினைச்சேன். உடனே சம்மதிச்சதை நான் மறக்கவே மாட்டேன்."

அண்ணன் நிமிர்ந்தான். "அதுக்கென்ன சார். சந்தோஷம்தான்" என்றான்.

சொன்ன விதம் பொடிசுக்குத் தெரியும். பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் போடும் இதயத்துக்கும் அந்தச் 'சந்தோஷம்தான்' என்பதற்கும் வித்தியாசமே இல்லை. அண்ணன் இப்போது தானே தன் பேரில் படிக்காமல் போடுகிறான். அம்மா அதையும் நம்பி முகம் மலர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் பொடிசால் அதற்குமேல் மென்று விழுங்க முடியவில்லை.

"அம்மா, அண்ணன் அதைப் போடல."

"எதை?"

"இதயத்தை. ரெண்டையும் நான்தான் போட்டேன். அவன் பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு. நீ எழுதினதை நாங்க ரெண்டு பேருமே படிக்கல. நான் படிக்காமலே போட்டுட்டேன். போன வாரம் நீ சொன்னப்பதான் எனக்கே தெரியும்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். கண்ணாடிக் கடைக்காரர் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அம்மா கோபப்படவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. கோபப்பட்டிருந்தால் பொடிசுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எப்பத்திலேர்ந்து?"

"அவன் ஊருக்குப் போனதிலேர்ந்தும்மா."

"மழையில கார் நின்னுபோச்சுன்னு படம் போட்டேனே, அதுக்கு?"

"நான்தான்."

"காது கேக்காத அந்தப் பையன் பாஸ் பண்ணினதுக்கு?"

"நான்தாம்மா."

"உங்கப்பா நினைவு நாளுக்கு அவரோட பழைய ஸ்கூட்டர் படம் போட்டேன். அதுக்குக் கீழ பெரியவன் இதயம் இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கினேன்டி."

பொடிசு தலையை ஆட்டினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"தப்பு அவ மேல இல்லம்மா. நான்தான் போடச் சொன்னேன்" என்றான் அண்ணன். "அங்க போறதே எனக்குப் பிடிக்காமப் போச்சு. உன்னைப் பிடிக்காமப் போகல. அதைப் பிரிச்சுச் சொல்லத் தெரியாம, இப்படி ஒரு குறுக்கு வழி பண்ணிட்டேன்."

"பிடிக்கலன்னா விட்டுட்டுப் போங்கடா. நான் என்ன கட்டியா வச்சிருக்கேன்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வெளிய வந்திருப்பேனே. நீங்க ரெண்டு பேரும் அங்க இருக்கீங்கன்னுதானே நான் அங்க இருந்தேன்."

இதைக் கேட்டு அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்காக இவர்கள் போய்வந்தார்கள். இவர்களுக்காக அம்மா உட்கார்ந்திருந்தாள். யாருக்குமே பிடிக்காத இடத்தில் மூன்று பேரும் ஒருவருக்காக ஒருவர் குடியிருந்திருக்கிறார்கள்.

கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தார். "நான் கிளம்பறேன். இது நீங்க மூணு பேரும் பேச வேண்டியது. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லைங்க."

"உட்காருங்க" என்றாள் அம்மா. வகுப்பில் சொல்கிற குரல் அது. அவர் உட்கார்ந்தார். "நான் இன்னும் கேட்கவே இல்ல. இப்பத்தான் கேட்கப் போறேன்."

விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே மகளைப் பார்த்தாள். "இப்ப படிச்சுட்டேல்ல? நீ சொல்லு. நான் இவரோட இருக்கட்டுமா?"

"இரும்மா" என்றாள் பொடிசு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எனக்கு ரொம்பச் சந்தோஷம்மா. நிஜமாத்தான் சொல்றேன். காலையில நீ கண்ணாடி முன்னாடி நின்னப்பவே எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு."

அம்மா மகளின் கையை ஒரு தட்டு தட்டினாள். பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "நீ?"

அண்ணன் பேசவில்லை.

"பேசாம இருந்தா என்ன அர்த்தம்னு நானே எழுதியிருக்கேன்டா" என்றாள் அம்மா மெதுவாக.

"தெரியும். அதனாலதான் பேசாம இருக்கவும் பயமா இருக்கு. பேசவும் வரல." அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "சார், ஒரு சுத்து போயிட்டு வரலாமா? அம்மா காருல. நீங்க ஓட்டுங்க."

"நானா?" கண்ணாடிக் கடைக்காரர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சாவியை எடுத்து நீட்டினாள்.

•

அம்மாவும் பொடிசும் வாசல் கேட்டருகே வந்து நின்றார்கள்.

பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்கு ஒன்று, பக்கத்தில் உட்காரும் ஆசிரியருக்கு ஒன்று. அண்ணன் ஆசிரியர் இருக்கையில் உட்கார்ந்தான். கண்ணாடிக் கடைக்காரர் ஒன்றுக்கு இரண்டு தடவை பின்கண்ணாடியைச் சரிபார்த்துவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்து, கேட்டில் உரசாமல், ஒரே வீச்சில் தெருவுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ரிவர்ஸ் வரலயாம்!" என்றாள் பொடிசு. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

கார் மெல்ல நகர்ந்து தெருமுனையை நோக்கிப் போனது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் யார் பிரேக்கை மிதித்தார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும். ஓட்டுகிறவர் மிதித்தால் வண்டி இதமாக நிற்கும். பக்கத்து ஆள் மிதித்தால் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும்.

"அவன் இன்னும் காலை வைக்கல" என்றாள்.

தெருமுனையில் கார் நின்றது. இதமாகத்தான் நின்றது. அந்தப் பக்கம் வண்டி எதுவும் வரவில்லை. நாய், பூனை, காகிதம்கூட இல்லை. கார் நின்றுகொண்டே இருந்தது.

பொடிசின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். வட்டத்திலிருந்து ஓர் அறிவிப்பு. அண்ணனின் கடவுச்சொல் மாற்றப்பட்டுவிட்டது. இனி அவள் அவன் பேரில் உள்ளே போக முடியாது.

"அம்மா, அவன் கணக்கை அவனே எடுத்துக்கிட்டான்."

அடுத்த நிமிஷம் அம்மாவின் கையிலிருந்த போன் வெளிச்சம் காட்டியது. வீட்டுக் குழுவில், அம்மாவின் அந்த நீளமான எழுத்துக்குக் கீழே, இரண்டு இதயங்களில் ஒன்று காணாமல் போயிருந்தது. அது இருந்த இடத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி மின்னியது: பெரியவன் எழுதிக்கொண்டிருக்கிறார்.

அந்த வரி மறைந்தது. மறுபடி வந்தது. மறுபடி மறைந்தது.

"என்னைப் போலவே வந்து பொறந்திருக்கான்" என்றாள் அம்மா. "நேர்ல சொல்ல வாய் வராது."

"எழுதறான்ம்மா! பாரு, மறுபடி எழுதறான்!"

அம்மா பார்க்கவில்லை. போனை மதில்மேல் கவிழ்த்து வைத்தாள்.

"என்னம்மா பண்றே?"

"சரியோ, வேண்டாமோ, வந்து வாயால சொல்லட்டும். இவ்வளவு நாளா அங்க பார்த்துப் பார்த்துத்தான் அவனை இங்க பார்க்காமப் போயிட்டேன்."

மதில்மேல் போன் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. பொடிசின் கை தானாக அதை நோக்கிப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

தெருமுனையில் காரின் இண்டிகேட்டர் மின்ன ஆரம்பித்தது. வண்டி வீட்டுப் பக்கம் திரும்பியது. இவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இருவரும் இடம் மாறியிருந்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அண்ணன். கண்ணாடிக் கடைக்காரர் அம்மா உட்காரும் ஆசிரியர் இருக்கையில் இருந்தார்.